ஈரோட்டிலிருந்து இளைஞர் மன்ற நண்பர்களோடு ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில் இருக்கும் கண்டிக்கோட்டா பள்ளத்தாக்குக்கு வேனில் போக எப்படித் திட்டமிடுவது?

முதலில் மாதத்தை முடிவு பண்ணுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. கோடையில் கடப்பை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அங்கே நிழலும் குறைவு.

சேலம், கிருஷ்ணகிரி, மதனப்பள்ளி, கதிரி, புலிவெந்துலா, ஜம்மலமடுகு வழியாகப் போகலாம். வாடகை வண்டி என்றால் ஆந்திர பெர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ராத்திரிப் பயணம் வேண்டாம். ஓட்டுநர் இரவில் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் மற்றவர்கள் நிம்மதியாகப் போக முடியும். முதல் வேளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது பாறை விளிம்பைப் பற்றித்தான். அங்கே இருக்கும் பழைய கோட்டைக்குப் பின்னால் செந்நிறப் பாறைகள் அடுக்கடுக்காக நிற்கும், கீழே பெண்ணாறு. பல இடங்களில் தடுப்புக் கம்பியே கிடையாது, மிதிக்கிற கல் சில சமயம் ஆடும். அதனால் இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள்; விளிம்பில் செல்ஃபி கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே கறாராகச் சொல்லிவிடுங்கள். இருட்டிய பிறகு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

விடியலில் பள்ளத்தாக்கு, அப்புறம் கோட்டைக்குள் மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி. மறுநாள் பேலம் குகை. 3,229 மீட்டர் நீளம், பார்வைக்குத் திறந்திருப்பது ஒரு பகுதி மட்டும். உள்ளே புழுக்கம் அதிகம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வெளியே இருக்கட்டும்.