இன்னொரு இலவசத் தங்கலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: கோவையில் ஒரு மாலில் கூப்பன் எழுதிப் போட்டேன். பரிசு விழுந்ததாகச் சொல்லி, பெங்களூருக்கு வெளியே ஒரு கோல்ஃப் ரிசார்ட்டில் வார இறுதியில் இரண்டு இரவு இலவசமாகத் தங்க அழைத்தார்கள். போன அன்றே மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பேசி 25 வருட விடுமுறைத் தங்கல் மெம்பர்ஷிப்பில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். 3 லட்சம் ரூபாய். 60,000 உடனே கார்டில் போனது, மீதி அதே கார்டில் இஎம்ஐ. ஆறாம் நாள் வேண்டாம் என்று விற்றவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "சரி மேடம், கேன்சல் பண்ணிடறேன்" என்றார். 14 மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. இப்போது சமாதானமாக மூன்று இரவு இலவசம் என்கிறார்கள். போகலாமா?

பதில்: போகாதீர்கள்.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது, கோல்ஃப் மைதானத்துக்குள் விடவே இல்லை, குழந்தை அழுதும் ஹாலை விட்டு எழுந்திருக்க விடவில்லை என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்டு நீங்கள் போடும் வழக்குக்கு இவை பெரிதாக உதவாது. பேசி மயக்கிவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னால், படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

உங்கள் கேஸ் நிற்பது ஒரே இடத்தில். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில், 10 நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பும் என்று ஒரு வரி இருக்கிறது. இந்த மாதிரி மெம்பர்ஷிப்பிலிருந்து இத்தனை நாளில் விலகலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தனியாக எதுவும் இல்லை, அதனால் அந்த வரிதான் உங்கள் பலம். தலைமை அலுவலகத்துக்கு இமெயில் போட்டிருக்க வேண்டும் என்று வாதாடுவார்கள். ஆனால் உங்களிடம் விற்ற அவர்களுடைய ஆளே கேன்சல் செய்வதாகப் பதில் போட்டிருக்கிறார். அந்த மெசேஜ் போனால் கேஸ் போச்சு. போனை மாற்றாதீர்கள், அந்த சாட்டில் தானாக அழியும் வசதி ஆன் ஆகியிருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள்.

இனி நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த மூன்று இரவுக்கு ஒரு படிவம் தருவார்கள், அதில் எங்காவது "என் புகார்கள் அனைத்தும் தீர்ந்துவிட்டன" என்று ஒரு வரி இருக்கும். என்னிடம் வந்தவர்களில் எத்தனையோ பேர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்கள். அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் ஆறாம் நாளே விலகிவிட்டேன் என்று சொல்கிற நீங்கள், 15வது மாதம் மெம்பராகப் போய்த் தங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அந்த விலகலுக்கு என்ன அர்த்தம் என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்பார்கள். கையில் இருக்கிற ஒரே பாயிண்டை நீங்களே கிழித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது இஎம்ஐ. கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். வங்கி அவர்களுக்குப் பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டது, நீங்கள் கட்டுவது வங்கிக் கடன். நிறுத்தினால் தாமதக் கட்டணம், வட்டி, சிபில் ஸ்கோர் என்று அடி உங்களுக்குத்தான் விழும். நிறுத்திவிட்டு அப்புறம் வீட்டுக்கடன் கிடைக்காமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிக்கொண்டே இருங்கள், கட்டியதை வட்டியோடு கேட்போம்.

வழக்குப் போடக் காலக்கெடு இரண்டு வருடம். அதில் 14 மாதம் போய்விட்டது. "பேசிக்கொண்டிருக்கிறோம் மேடம்" என்று அவர்கள் அனுப்பும் இமெயில் எதுவும் அந்தக் கெடுவை நீட்டாது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் பேச்சுவார்த்தை நடந்தது என்ற ஒரே காரணத்தை நம்பி உட்காராதீர்கள். வழக்கைக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், வேறு ஊர் நீதிமன்றம்தான் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற ஊரில் தொடுக்கச் சட்டம் வழி தருகிறது. ஆனால் மனுவை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுத விடாதீர்கள். அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும், மாவட்டத்தில் திருப்பி அனுப்பினால் மாதங்கள் வீண். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்று எழுதினால் போதும்.

சரி, இதையெல்லாம் செய்துதான் ஆக வேண்டுமா? மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, வருடக்கணக்கில் இழுப்பதைத்தான் நான் பார்க்கிறேன். ஜெயித்தாலும் அவர்கள் பாதித் தொகையைக் கட்டிவிட்டு அப்பீல் போகலாம். அதனால் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டே கால் லட்சம் வரை பணமாகத் தர இறங்கி வந்தால் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். முக்கால் லட்சம் போவது வலிக்கும், இருந்தாலும் இதைத்தான் நான் சொல்வேன். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் சமரசப் பேப்பரில் கையெழுத்து. மெம்பர்ஷிப் ரத்தாகிவிட்டது, வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் பழையதோ புதியதோ எதுவும் பாக்கி இல்லை என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். அதை விட்டவர்களுக்கு அடுத்த வருடமே அந்தக் கட்டணத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.