கடலை முதலில் பழகுங்கள்: ட்ரையத்லான் கேள்வி-பதில்

போன இதழில் கடற்கரை ட்ரையத்லான் பற்றி, அதாவது கடலில் நீந்தி, கரையேறி, சைக்கிள் மிதித்து, அப்புறம் ஓடி முடிக்கும் போட்டி பற்றி, நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, நான் ஆசைப்படும் போட்டிக்கு இரண்டு வருடமாக முயற்சி செய்கிறேன், பதிவு திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடுகிறது. இந்த வருடம் இடம் கிடைத்த என் நண்பனுக்கு முட்டியில் அடி. "என் நம்பரில் நீ போய்விடு" என்கிறான். போகலாமா?

போகாதீர்கள் தம்பி. ஆசை எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். அந்த நம்பருக்குப் பின்னால் உங்கள் நண்பரின் பெயர், வயது, மருத்துவ விவரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் போன் எண் எல்லாம் இருக்கிறது. தண்ணீரில் உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் மருத்துவக் குழு எடுத்துப் பார்ப்பது அவருடைய விவரத்தைத்தான், போன் போவதும் அவர் வீட்டுக்குத்தான். காப்பீடும் உங்களுக்குச் செல்லாது. தெரியவந்தால் இரண்டு பேருமே அடுத்த வருடம் பெயர் கொடுக்க முடியாமல் போகலாம்.

நேரான வழிகள் இருக்கின்றன. பல போட்டிகளில் ஒரு குறிப்பிட்ட தேதி வரை பெயரை முறைப்படி மாற்றிக்கொடுக்க அனுமதிப்பார்கள். உங்கள் நண்பரை விட்டே அமைப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் தயங்காமல் பெயரைப் போட்டு வையுங்கள். கடைசி வாரங்களில் அடிபட்டவர்கள், பயிற்சி போதாதவர்கள் விலக விலக அந்தப் பட்டியல் நகரும். இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை: ரிலே. ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் ஓட்ட, ஒருவர் ஓட, கணுக்காலில் கட்டிய, நேரத்தைப் பதியும் சிப்பைக் கழற்றி அடுத்தவருக்கு மாட்டிவிடுவதுதான் கைமாற்றம். முதல் வருடம் அந்த இடத்தையும் அந்தக் கடலையும் பார்த்துப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பதிவுப் படிவத்தில் நீந்தும் நேரம் கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். அதை வைத்துத்தான் பல இடங்களில் யார் எந்தக் குழுவோடு கடலில் இறங்குவது என்று பிரிக்கிறார்கள். 20 நிமிடம் ஆகும் ஆள் 13 என்று எழுதினால், வேகமாக நீந்துபவர்கள் நூறு பேர் அவர் மேலேயே ஏறிப் போவார்கள்.

ட்ரையத்லான் என்றாலே அயர்ன்மேன்தானே? அவ்வளவு தூரம் என்னால் முடியுமா?

இல்லை. அயர்ன்மேன் இதில் மிக நீளமான வகைகளில் ஒன்று: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978இல் ஹவாயில் அதை முதன்முதலில் நடத்தியபோது கிளம்பியவர்களே 15 பேர்தான், முடித்தவர்கள் 12 பேர். நீங்கள் ஆரம்பிக்க வேண்டியது ஸ்பிரிண்ட் வகையில்: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். 2000ஆம் ஆண்டு சிட்னி முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் தூரம் சரியாக இதன் இரண்டு மடங்கு.

நீச்சல் குளத்தில் 1,500 மீட்டர் நிற்காமல் நீந்துவேன். அப்படியானால் கடலில் 750 மீட்டர் எனக்கு ஒரு விஷயமே இல்லைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரப் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன்.

குளத்தில் உங்களுக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கீழே ஒரு கோடு வழி காட்டுகிறது. 25 மீட்டருக்கு ஒரு சுவர் வருகிறது, தொட்டுத் திரும்பும்போது தெரியாமலே ஒரு விநாடி ஓய்வு கிடைக்கிறது. கால் எட்டும் என்று உடம்புக்குத் தெரியும். கடலில் இதில் ஒன்றுகூட இல்லை, கூடவே சுற்றிலும் பல நூறு கைகால்கள்.

என் முதல் போட்டியில் 150 மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். முன்னால் போனவரின் குதிகால் என் நீச்சல் கண்ணாடியில் பட்டு அது ஒருபக்கம் விலகியது, வாய் திறந்த நேரம் பார்த்து ஒரு அலை, உப்புத் தண்ணீர் தொண்டையில். அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. அத்தனை மாதப் பயிற்சியும் இருந்தது, உடம்பில் வலுவும் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. மல்லாந்து படுத்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு, வாயால் நீளமாக மூச்சை வெளியே விட்டு, இருபது மூச்சு எண்ணினேன். பதினைந்தாவது மூச்சில் நெஞ்சு இளகியது. உப்புத் தண்ணீர் நம்மை நல்ல தண்ணீரைவிட நன்றாகவே தாங்கும், அதை அன்றைக்குத்தான் முதுகில் உணர்ந்தேன்.

அதனால் மல்லாந்து மிதப்பதைத்தான் முதலில் பயிற்சி செய்யச் சொல்வேன். நீந்திக்கொண்டே இருக்கும்போது திரும்பிப் படுங்கள், மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவாருங்கள், மறுபடி குப்புறத் திரும்பி நீந்துங்கள். யோசிக்காமல் வரும்வரை செய்யுங்கள்.

அடுத்தது திசை பார்ப்பது. ஆறு முதல் எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும், தலையை முழுக்கத் தூக்கினால் கால் கீழே போய்விடும். அலை உங்களைத் தூக்கும்போது பாருங்கள், பள்ளத்தில் இருக்கும்போது பார்த்தால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். போகும் வழியைக் காட்டும் மிதவை சின்னதாக இருக்கும். அதற்குப் பின்னால் கரையில் ஓர் உயரமான கட்டடத்தையோ மரத்தையோ முந்தின நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போனால் உங்கள் 750 மீட்டர் எளிதாக 900 ஆகிவிடும்.

உடைந்து நுரையோடு வரும் அலைக்கு எதிரே நிற்காதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் அதன் அடியில் மூழ்கிப் போங்கள், மேலே அது தன் பாட்டுக்கு உருண்டு போய்விடும். பயிற்சி நாளில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதைவிட்டு விலகிய பிறகு திரும்புங்கள். கடலில் தனியாகப் பயிற்சி வேண்டவே வேண்டாம். கூட ஆள், காவலர் இருக்கும் கடற்கரை, இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் பளிச்சென்ற நிற மிதவை, இந்த மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள்.

போட்டி அன்று அனுமதி இருந்தால் முன்கூட்டியே தண்ணீரில் இறங்கி முகத்தை நனைத்து, குமிழி விட்டுப் பழகுங்கள். குளிர்ந்த தண்ணீர் என்றால் இது இன்னும் முக்கியம், சட்டென்று பாய்ந்தால் மூச்சு அடைக்கும். கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரத்திலோ பின்னாலோ நில்லுங்கள், இழப்பது சில விநாடிகள்தான். முடியவில்லை என்றால் கையை உயர்த்துங்கள், காவலுக்குக் கயாக் என்ற சின்னப் படகில் இருப்பவர் வருவார். அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதன் உதவியால் முன்னே நகராதவரை விதியில் தவறில்லை. ட்ரையத்லானில் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பகுதி நீச்சலின்போதுதான். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நெஞ்சில் வலியோ, வழக்கமில்லாத மூச்சிரைப்போ வந்தால் "இன்னும் கொஞ்சம்தானே" என்று மேலே போகாதீர்கள்.

என்னிடம் சாதாரண சைக்கிள்தான் இருக்கிறது. விடுவார்களா?

ஸ்பிரிண்டில் பெரும்பாலும் விடுவார்கள், உங்கள் போட்டியின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், ஹேண்டில்பார் முனைகள் மூடியிருக்க வேண்டும், ஹெல்மெட் வேண்டும். சைக்கிளில் கை வைப்பதற்கு முன்பே ஹெல்மெட் கொக்கி மாட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் கழற்றலாம். இந்த ஒரு விதியில் தண்டனை வாங்கும் புதியவர்கள் நிறைய. அப்புறம் முன்னால் போகிறவரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒளிந்து போவது, டிராஃப்டிங் என்பார்கள், பொதுமக்கள் கலந்துகொள்ளும் போட்டிகளில் பெரும்பாலும் கூடாது. உலக ட்ரையத்லான் அமைப்பின் விதியில் ஸ்பிரிண்டுக்கும் ஒலிம்பிக் தூரத்துக்கும் முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு 10 மீட்டர் இடைவெளி, கடக்க 20 விநாடி.

கடற்கரைச் சாலையில் காற்றுதான் மேடு. போகும்போது வேகம் தானாக வருகிறதே என்று மகிழ்ந்து வலுவையெல்லாம் செலவழித்துவிடாதீர்கள், திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள், உப்பு ஒரே வாரத்தில் துருவைக் கொண்டுவந்துவிடும்.

கரையேறியதும் ட்ரான்சிஷன் இடத்தில், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தில், என்ன செய்வது என்றே தெரியாமல் நின்றுவிட்டேன். வரிசையாகச் சைக்கிள்கள், எல்லாம் ஒரே மாதிரி. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காலையில் சைக்கிளை வைத்ததும் கடலிலிருந்து வரும் வாசலுக்குப் போய் நில்லுங்கள். அங்கிருந்து உங்கள் சைக்கிள் வரை நடந்து வாருங்கள், எத்தனையாவது வரிசை, பக்கத்தில் என்ன கம்பம் என்று எண்ணிக்கொண்டே. இரண்டு தடவை செய்தால் தலை சுற்றும் நேரத்திலும் கால் தானாக அங்கே போகும்.

என் இடம் இப்படி இருக்கும்: ஹேண்டில்பார் மேல் ஹெல்மெட், மல்லாத்தி, வார்கள் இரண்டு பக்கமும் தொங்க, உள்ளே குளிர்கண்ணாடி. கீழே கைக்குட்டையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பளிச்சென்ற துண்டு. அதன் மேல் சைக்கிள் காலணி, அதற்குப் பின்னால் ஓடும் காலணி, அதில் முடிச்சுப் போட வேண்டாத இழுவை நாடா, நாக்கு நன்றாக இழுத்துத் திறந்து வைத்தது. எண் ஒட்டிய பெல்ட். பக்கத்தில் ஒரு பாட்டில் சாதாரணத் தண்ணீர், குடிக்க இல்லை, கால் கழுவ. கடற்கரைப் போட்டியில் மணல்தான் எதிரி. விரலிடுக்கில் நாலு மணல் மாட்டினால் ஐந்தாவது கிலோமீட்டருக்குள் தோல் உரிந்துவிடும். பத்து விநாடி செலவழித்துக் கழுவித் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள், வலப்பக்கம் செயின் இருக்கிறது.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடினால் கால் என் கால் மாதிரியே இல்லை. என்ன கோளாறு?

கோளாறு இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான். இவ்வளவு நேரம் உட்கார்ந்து வட்டமாகச் சுற்றிய தசையை நிமிர்ந்து உடம்பைத் தாங்கச் சொல்கிறீர்கள், அதற்குச் சில நிமிடம் வேண்டும். வாரம் ஒருமுறை சைக்கிள் ஓட்டிய கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள். போட்டியில் முதல் கிலோமீட்டரைச் சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

எனக்கு 53 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கலந்துகொள்ளலாமா? கடைசியாக வந்துவிடுவேனோ என்ற கூச்சமும் இருக்கிறது.

முதலில் டாக்டர். "உடற்பயிற்சி செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள் ஐயா, எல்லாரும் தாராளமாகச் செய்யுங்கள் என்றுதான் சொல்வார்கள். "திறந்த கடலில் கூட்டத்தோடு 750 மீட்டர் நீந்தப் போகிறேன், உடனே ஒரு மணி நேரத்துக்கு மேல் சைக்கிளும் ஓட்டமும்" என்று அப்படியே சொல்லுங்கள். மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் இதயத்துடிப்பு ஏறவிடாது, சில உடம்பிலிருந்து தண்ணீரை இறக்கும். பதிவுப் படிவத்திலும் மறைக்காதீர்கள்.

கடைசியாக வருவதைப் பற்றி: வயதுப் பிரிவு ஐந்தைந்து வருடமாகத்தான் இருக்கும், உங்களோடு போட்டியிடுபவர்கள் 50 முதல் 54 வரை உள்ளவர்கள். பார்க்க வேண்டியது கட்-ஆஃப் நேரத்தை. நீச்சலுக்கு எவ்வளவு, சைக்கிள் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று எடுத்து, பயிற்சியில் அதைவிட நல்ல இடைவெளியோடு முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பெயர் கொடுங்கள். கடைசி ஆளுக்குக் கிடைக்கும் கைதட்டலை நான் கேட்டிருக்கிறேன், அதில் கேலி துளிகூட இருக்காது.

கடல் கொந்தளிப்பாக இருந்தால்?

நீச்சலைச் சுருக்குவார்கள், அல்லது எடுத்துவிட்டு ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று நடத்துவார்கள். பணம் கட்டியிருக்கிறோமே என்று அமைப்பாளரோடு சண்டை போடாதீர்கள். தண்ணீரில் காவலுக்கு நிற்பவர்களின் உயிரும் அதில் இருக்கிறது.

என் மகள் முதல்முறையாகக் கலந்துகொள்கிறாள். எனக்குக் கரையில் நின்று பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

அம்மா, தண்ணீரில் எல்லாரும் ஒரே மாதிரித் தெரிவார்கள், தேடித் தேடி நீங்கள்தான் பதறிப்போவீர்கள். அவள் தொப்பி என்ன நிறம், எத்தனை மணிக்கு இறங்குகிறாள், எவ்வளவு நேரம் ஆகும் என்று முந்தின இரவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவரை ஒவ்வொரு தலையாகத் தேடாமல், கரையேறும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

தண்ணீரோ வாழைப்பழமோ எடுத்துக் கொடுக்காதீர்கள், வெளியாள் உதவி என்று அவளைப் போட்டியிலிருந்து நீக்கிவிடக்கூடும். கூடவே ஓடாதீர்கள். சைக்கிளில் ஏறிப் போய்விட்டால் நிழலில் உட்கார்ந்து நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள், திரும்பி வர நேரமாகும். பையில் உலர்ந்த துணியும் செருப்பும் இருக்கட்டும். கரையேறி வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காதில் தண்ணீர் இருக்கும், சத்தமாகவே கூப்பிடுங்கள்.