எஸ்.என்.எஃப். குறையும் பாலும் மிச்சமாகும் கோழித்தீவனமும்

கேள்வி: ஆத்தூர் பக்கம் எங்கள் ஊர். இரண்டு கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கிறது. சொசைட்டியில் கொழுப்பு 3.1, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) 7.8 என்று போட்டு விலையைக் குறைக்கிறார்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கலப்பதில்லை. திப்பி (மரவள்ளிக் கிழங்குச் சக்கை), ரேஷன் அரிசிக் கஞ்சி, வைக்கோல், கொஞ்சம் தவிடு கொடுக்கிறோம். இப்போது 200 பிராய்லர் குஞ்சுகளும் விட்டிருக்கிறோம். மிஞ்சும் கோழித்தீவனத்தை மாட்டுக்குப் போட்டால் பாலில் சத்து ஏறுமா? மாட்டுக்கு வாங்கும் புண்ணாக்கையும் கலப்புத் தீவனத்தையும் கோழிக்குக் கொடுக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். மாடு தின்பதை முதலில் தின்பது அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள். நார்ச்சத்தை அவை நொதிக்க வைக்கும்போது கிடைக்கும் அசிட்டிக் அமிலம்தான் மடியில் பால் கொழுப்பாக மாறுகிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே செரிமானமாகிப் பாலுக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பங்கைத் தருகின்றன. கோழிக்கு இப்படி ஒரு வயிறு கிடையாது. அது தின்னும் தானியத்திலும் புண்ணாக்கிலும் என்ன இருக்கிறதோ அதுதான் அதற்கு.

தண்ணீர் கலக்காமலே எஸ்.என்.எஃப். 7.8-க்கு இறங்க முடியும். உங்கள் தீவனப் பட்டியலிலேயே காரணம் தெரிகிறது. திப்பியிலும் கஞ்சியிலும் மாவுச்சத்துதான் நிறைய. புரதம் மிகமிகக் குறைவு. வைக்கோலிலும் புரதம் சொற்பம்தான். எஸ்.என்.எஃப். என்பது பாலிலுள்ள லாக்டோஸ் (பால் சர்க்கரை), புரதம், தாது உப்புகள் சேர்ந்த கணக்கு. இதில் லாக்டோஸ் தீவனத்தால் அதிகம் மாறாது. நாம் ஏற்றக்கூடியது புரதம்தான். அதற்கு நுண்ணுயிர்களுக்கு எரிசக்தியும் புரதமும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும்; உங்கள் மாட்டுக்கு முதலாவது மட்டும்தான் கிடைக்கிறது. அதுவும் கஞ்சியாக ஒரே மூச்சில் உள்ளே போவதால் பெருவயிற்றில் புளிப்பு ஏறி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடுகின்றன. கொழுப்பு குறைவது இதனால்தான்.

மத்தியானம் மாடு படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அசைபோட மேலே வரும் ஒவ்வொரு கவளத்தையும் 50, 60 தடவை மெல்ல வேண்டும். முப்பதோடு விழுங்கிவிட்டாலோ, சாணம் இளகி நுரை கட்டியிருந்தாலோ புளிப்பு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ரேஷன் அரிசியை மாட்டுக்கு வடித்து ஊற்றும் வழக்கத்தை நான் எங்கே கண்டாலும் நிறுத்தச் சொல்கிறேன். வீட்டில் ஆளில்லாத நேரம் ஒரு அண்டா சோற்றைத் தின்றுவிட்டு வயிறு உப்பிச் செத்த மாடுகள் நம் ஊர்களில் கொஞ்சமல்ல.

சரி, என்ன கொடுப்பது? எட்டு லிட்டர் கறவைக்கு நாளுக்கு நாலரைக் கிலோ அடர்தீவனம், இரண்டு வேளையாகப் பிரித்து. வீட்டிலேயே கலப்பதானால் நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 35, கடலை அல்லது தேங்காய்ப் புண்ணாக்கு 30, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. கூடவே 20 கிலோ பசுந்தீவனம். அதில் முக்கால் பங்கு கோ-5 போன்ற கம்பு நேப்பியர், கால் பங்கு வேலிமசால், அகத்தி, சவுண்டல் என்று ஏதாவது ஒன்று. வைக்கோல் மூன்று, நான்கு கிலோ. திப்பியை அடியோடு விட முடியாவிட்டால் ஈரத்தில் இரண்டு கிலோவோடு நிறுத்துங்கள். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். நுண்ணுயிர்கள் பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று விட்டுவிடக் கூடாது.

தீவனம் தவிர இரண்டு இடங்களில் கொழுப்பு நழுவும். முதலில் வரும் பாலில் கொழுப்பு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம்தான். கடைசியில் வருவதுதான் கெட்டி. அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோனால் அளவு இறங்கத்தான் செய்யும். கன்றை முதலில் ஊட்ட விடுங்கள், பிறகு ஒட்டக் கறந்துவிடுங்கள். அடுத்தது அளக்கும் இடம். கறந்த சூட்டில், நுரையோடு லாக்டோமீட்டரை (பாலின் அடர்த்தி பார்க்கும் கருவி) விட்டால் குறைத்துத்தான் காட்டும். கேனை நன்றாகக் கலக்கி மாதிரி எடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இரண்டு மாட்டுப் பாலையும் ஒருநாள் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு மாடுதான் இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு வெளியே தெரியாத மடிநோய் இருக்கலாம். வீக்கமோ திரிப்பாலோ இருக்காது, ஆனால் லாக்டோஸ் குறைந்து எஸ்.என்.எஃப். விழும். ஒவ்வொரு காம்புப் பாலையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து, சோப்புத்தூள் கரைசலைச் சம அளவு விட்டுச் சுழற்றுங்கள். கூழ்போலக் கெட்டிப்பட்டால் அந்தக் காம்பில் கோளாறு. உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்கள், கால்நடை உதவி எண்ணான 1962-க்கும் அழைக்கலாம். பசும்பாலுக்குச் சட்டப்படி கொழுப்பு 3.2-ம் எஸ்.என்.எஃப். 8.3-ம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் சரிசெய்தால் உங்கள் மாடுகள் அந்த அளவைத் தாண்டும்.

இனி கோழித்தீவனம். மாட்டுக்கு அது ஆகாது என்பதற்குச் செரிமானம் மட்டும் காரணமல்ல. அதில் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து சேர்ந்திருக்கும். அந்த அளவு மாட்டுக்காகக் கணக்கிட்டதல்ல. சில தீவனங்களில் இறைச்சி, எலும்புத் தூளும் இருக்கும். பால் மாட்டுக்கு அதைக் கொடுப்பதற்குத் தடை உண்டு.

மாட்டுத் தீவனம் கோழிக்கு அதைவிடக் கெடுதல். சில கலப்புத் தீவனங்களில் யூரியா உண்டு. மாட்டின் நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கும்; கோழிக்கு அது நஞ்சு. பருத்திப் புண்ணாக்கில் இருக்கும் காசிபால் வளர்ச்சியைக் கெடுக்கும். பிராய்லர் தீவனத்தில் நார் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் தவிட்டையும் அள்ளிப்போட முடியாது. முதல் வாரம் புரதம் 23 சதவீதம், பிறகு 22, கடைசிக் கட்டத்தில் 20 என்று படிப்படியாக இறங்க வேண்டும். லைசின், மெத்தியோனின் என்ற புரதக் கூறுகள் குறைந்தால் தீவனம் தின்னும், எடை வராது. 200 கோழிக்காக இதையெல்லாம் வீட்டில் கலப்பது கட்டுப்படியாகாது. கம்பெனித் தீவனமே வாங்குங்கள். இரண்டு கிலோ எடைக்கு ஒரு கோழி ஏறத்தாழ 3.3 கிலோ தின்னும். அந்தக் கணக்கில் 50 கிலோ மூட்டை 13, 14 போதும், மிஞ்சுமளவுக்கு வாங்காதீர்கள். விற்பதற்கு முன் மருந்துள்ள தீவனத்தை நிறுத்த வேண்டிய நாட்கள் மூட்டைச் சீட்டில் இருக்கும், அதன்படி நிறுத்திவிடுங்கள்.

மழை நாளில் பூசணம் பிடித்த தீவனத்தை ‘கோழிக்கு ஆகாது, மாட்டுக்குப் போடு’ என்பார்கள். அந்தப் பூசண நஞ்சான அஃப்ளடாக்சின் கோழியின் ஈரலைக் கெடுக்கும். மாட்டில் பால் வழியாகவும் வெளியே வரும், காய்ச்சினாலும் போகாது. அந்தப் பால் உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும். பூசணம் கண்ட மூட்டையைக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.