கோல்ஃப் மைதானத்தில் புல் பார்க்கும் வேலை

அன்புள்ள ஐயா,

பெரியகுளத்தில் தோட்டக்கலைப் பட்டம் முடித்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறேன். வேலைவாய்ப்புத் தளங்களில் 'கிரீன்கீப்பர்', 'அசிஸ்டென்ட் கோல்ஃப் கோர்ஸ் சூப்பரின்டென்டென்ட்' என்ற விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பெங்களூர், குர்கான், துபாய் என்று ஊர் போட்டிருக்கிறது. நான் கோல்ஃப் மைதானத்துக்குள் கால் வைத்ததே இல்லை. வீட்டில் "புல்லு வெட்டவா நாலு வருசம் படிச்ச?" என்கிறார்கள். துபாய் வேலைக்கு ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். என் படிப்பு இதற்குப் போதுமா? நேர்காணலில் என்ன கேட்பார்கள்? இதில் மேலே போக வழி உண்டா?

க., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள க.,

ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பணம் கொடுக்காதீர்கள். இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. அவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அமீரகச் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. டிரூன், துபாய் கோல்ஃப் போல மைதானங்களை நடத்தும் நிறுவனங்களுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். நடுவில் ஒருவர் தேவையில்லை.

இனி தொழில். 18 குழி மைதானம் ஒன்று 50, 60 ஹெக்டேர் இருக்கும். அதில் குழி இருக்கும் பகுதியான கிரீன், ஒன்று சராசரியாக 500 சதுர மீட்டர். பதினெட்டையும் கூட்டினால் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. ஆனால் மைதானத்தின் பெயரும், அதைப் பார்த்துக்கொள்பவரின் வேலையும் அந்த ஒரு ஹெக்டேரில்தான் நிற்கின்றன. அங்கே புல்லை 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரத்தில், அநேகமாக தினமும் வெட்டுகிறார்கள். உணவு தயாரிக்க இலையே அதிகம் இல்லாத செடியை வெயிலிலும் மழையிலும் மிதியிலும் உயிரோடு வைத்திருப்பதற்கு மண், நீர், நோய், உரம் எல்லாம் தெரிந்த ஆள் வேண்டும். வீட்டில் கேட்ட கேள்விக்கு இதைப் பதிலாகச் சொல்லலாம்.

உங்கள் படிப்பு அடித்தளத்துக்குப் போதும். வேலை கிடைக்க அது மட்டும் போதாது. மைதானப் பராமரிப்புக்குத் தலைவரான சூப்பரின்டென்டென்ட் ஒருவர் உதவியாளரைத் தேடும்போது, ஒரு பருவமாவது கிரீனில் கைவேலை செய்தவரா என்றுதான் முதலில் பார்ப்பார். இருபது முப்பது பேரை வேலை வாங்க வேண்டிய ஆள், அந்த வேலைகளைத் தானே செய்து காட்டக்கூடியவராக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே பதவிப் பெயரைப் பார்த்து விண்ணப்பிப்பதைவிட, முதல் ஓராண்டை எங்கே கழித்தால் கை பழகும் என்று பார்த்து விண்ணப்பியுங்கள். பயிற்சியாளர் என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை.

கை பழகுவது என்றால் என்ன என்பதற்குக் குழி மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். கிரீனில் குழியின் இடத்தைத் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுவார்கள். விதிப்படி விட்டம் 108 மில்லிமீட்டர். குழி வெட்டும் கருவியான ஹோல் கட்டரைச் செங்குத்தாக நிறுத்தி, திருகி இறக்க வேண்டும். சாய்ந்தால் குழியின் ஒரு பக்க உதடு மழுங்கிவிடும். மண்ணை ஒரேயடியாக இழுக்காமல் இரண்டு தடவையாக எடுக்க வேண்டும். புல்லோடு வரும் மேல்துண்டு பழைய குழிக்குப் போகும். உள்ளே வைக்கும் கப்பின் மேல்விளிம்பு தரைமட்டத்திலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் உள்ளே விழும் பந்து அதில் பட்டு வெளியே குதிக்கும்.

கடினமான பகுதி பழைய குழியை மூடுவது. துண்டை வைக்கும் முன் அடியில் மண்ணை இட்டு இறுக்க வேண்டும். மண் அதிகமானால் துண்டு மேடாக நிற்கும், மறுநாள் புல்வெட்டும் மெஷின் அதன் தலையைச் சீவிவிட்டு வெள்ளை வட்டம் ஒன்றை விட்டுப்போகும். குறைந்தால் சில நாளில் உள்வாங்கி, பந்து அந்த இடத்தில் துள்ளும். மட்டம் சரியாக இருந்தாலும் வேர் அறுபட்ட துண்டு அது. வைத்தவுடன் தண்ணீர் ஊற்றாவிட்டால் சுற்றியுள்ள புல் பச்சையாக இருக்கும்போதே மதியத்துக்குள் பழுப்பாகிவிடும். நேர்காணலுக்குப் போகும் நாளில் அனுமதி கேட்டு ஒரு கிரீனைச் சுற்றிப் பாருங்கள். பழுப்பு வட்டங்கள் நிறைய இருந்தால் அந்த மைதானத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று பொருள்.

அடுத்தது மெஷின். கிரீனில் ஓடுவது ரீல் மெஷின். கத்திகள் பொருத்திய சுழலும் உருளையான ரீலும், அடியில் நிலையாக நிற்கும் கத்தியான பெட்நைஃபும் சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். காலையில் வெளியே எடுக்கும் முன் செய்தித்தாள் துண்டு ஒன்றை இரண்டுக்கும் நடுவில் வைத்து, ரீலைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நீளம் முழுக்க ஒரே மாதிரி வெட்ட வேண்டும். ஒரு முனையில் வெட்டி மறுமுனையில் மடக்கினால் சரிசெய்யும் வரை அந்த மெஷின் வெளியே போகக் கூடாது. மழுங்கிய ரீல் இலையைக் கிழிக்கும். கிழிந்த நுனி மதியத்தில் வெளுத்துவிடும், நோயும் அந்த வழியாகத்தான் நுழையும். மணல் தூவிய அடுத்த சில நாட்களுக்குப் பழைய ரீல்களைப் போட்டு ஓட்டுவதும் இதனால்தான், மணல் புது ரீலின் கூர்மையைத் தின்றுவிடும். ஓட்டும் திசையைத் தினமும் மாற்ற வேண்டும். திரும்புவதைக் கிரீனுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தைச் சுற்றி வரும் கடைசிச் சுற்றை வெயில் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தவிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வளையம் தேய்ந்து மண் தெரியும். ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் சூடான எண்ணெய் போன பாதை முழுக்க புல் செத்துவிடும், துண்டு வெட்டி மாற்றுவதைத் தவிர வழியில்லை. நல்ல மெக்கானிக்குக்கு மைதானங்களில் இருக்கும் கிராக்கி அதிகம். ரீல் கூர்தீட்டத் தெரிந்த தோட்டக்கலைப் பட்டதாரி என்றால் இரண்டு பேர் வேலைக்கு ஒருவர் கிடைத்த மாதிரி. மைதானத்தின் மெஷின் பட்டறையில் மாதம் ஒன்றாவது நின்றுவிடுங்கள்.

நேர்காணலில் கணக்கு கட்டாயம் வரும். உதாரணத்துக்கு: கிரீனின் நடுவிலிருந்து ஓரம் வரை பத்து டிகிரிக்கு ஒன்றாக 36 அளவுகள் எடுத்தோம், சராசரி 12.6 மீட்டர். பரப்பு எவ்வளவு? ஆரமாக வைத்துப் போட்டால் சுமார் 500 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 2.5 கிராம் தழைச்சத்து வேண்டும், கையில் 21 சதவீத அம்மோனியம் சல்பேட் இருக்கிறது. 1,250 கிராமை 0.21 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.95 கிலோ. இதைப் பாதி நெடுக்கிலும் பாதி குறுக்கிலும், இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட வேண்டும், பனி ஈரத்தில் தூவினால் இலை கருகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்பிரேயர் கணக்கும் இப்படித்தான். மருந்து பீய்ச்சும் முனையான நாசில் ஒன்று நிமிடத்துக்கு 1.2 லிட்டர், இடைவெளி 50 சென்டிமீட்டர், வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 288 லிட்டர். தாளில் போடத் தெரியாதவரின் கையில் மருந்து கொடுக்க மாட்டார்கள்.

புல் வகைகளில் உங்களுக்கு ஒரு முன்தொடக்கம் இருக்கிறது. வெப்ப நாட்டு மைதானங்களில் பரவலாக இருக்கும் பெர்முடா புல் நம் அருகம்புல்தான். டிஃப்டுவார்ஃப், டிஃப்ஈகிள், ஃபேர்வே எனப்படும், கிரீன் வரை நீளும் ஆட்டப் பாதையில் போடும் டிஃப்வே 419 எல்லாம் அந்தக் குடும்பம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. வளைகுடாவில் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுவதால் உப்புப் பிரச்சினை பெரிது. அதனால் பல இடங்களில் உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் என்ற புல்லைப் போட்டிருக்கிறார்கள். பெர்முடா இருக்கும் இடங்களில் குளிர்காலத்துக்கு முன் அதன்மேல் ரை புல் விதைப்பதும் உண்டு. அங்கே போவதென்றால் நீரின் மின்கடத்துதிறன், சோடியம் விகிதம், வேர்ப்பகுதி உப்பைக் கழுவி இறக்குவது மூன்றும் விரல் நுனியில் இருக்கட்டும்.

நோயிலும் நர்சரி அனுபவம் கைகொடுக்கும். நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற கிருமிதான் இங்கும் முதல் எதிரி. மழைக்குப் பிறகு இரவும் புழுக்கமாக இருந்தால், விடியலில் எண்ணெய் தடவினாற்போல் திட்டுகள் தெரியும். பனியில் பஞ்சு போல் பூசணம் இருக்கும். நீர் ஓடிய பாதையிலும் மெஷின் போன பாதையிலும் அது நீளும். ஆகவே அன்று அந்தக் கிரீனை ஈரத்தோடு வெட்டக் கூடாது, தழைச்சத்தும் போடக் கூடாது. வெட்டும் வரிசையை மாற்றி அதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். டாலர் ஸ்பாட் என்பது வேறு: நாணயம் அளவு வெளுத்த புள்ளிகள். தழைச்சத்துக் குறைந்து பனி நெடுநேரம் நிற்கும் இடத்தில் வரும். அதற்குக் கொஞ்சம் உரமும் விடியலில் பனியைத் தட்டிவிடுவதுமே பாதி மருந்து. களையில் கோரையைப் பற்றிக் கேட்டால், பிடுங்கினால் அறுந்து நிற்கும் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும் என்பதில் ஆரம்பியுங்கள்.

மண்ணைப் பற்றி ஒரு கேள்வி நிச்சயம். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ 1960ல் வெளியிட்ட கிரீன் அமைப்பு முறையே இன்றும் பலருக்கு அடிப்படை: மேலே 30 சென்டிமீட்டர் மணல் கலவை, கீழே 10 சென்டிமீட்டர் சரளை, அதன் அடியில் வடிகுழாய். மணலும் சரளையும் சந்திக்கும் இடத்தில் நீர் கொஞ்சம் தங்கி வேருக்குக் கிடைக்கும், மிச்சம் வடிந்துவிடும். காலப்போக்கில் செத்த வேரும் தண்டும் மேலே மெத்தை போல் சேர்ந்து, நீர் இறங்காமல் போனால் உள்ளே கறுப்பு அடுக்கு உருவாகும். மண்ணை வெட்டி எடுத்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். துளையிட்டு மண் எடுத்து மணல் நிரப்புவது அதைத் தடுக்கத்தான். கிரீன் பார்க்க அசிங்கமாக இருக்கும் அந்தச் சில வாரங்களுக்கு ஆடுபவர்களிடமிருந்து புகார் வரும். அதற்குப் பயந்து தள்ளிப்போட்டால் அடுத்த மழைக்காலத்தில் கிரீனே போய்விடும். இதை உறுப்பினர்களுக்கு விளக்கிச் சொல்வதும் சூப்பரின்டென்டென்ட் வேலைதான், பேச்சுத்திறனை நேர்காணலில் பார்ப்பதும் இதற்காகத்தான்.

ஏணி இப்படி: கிரீன்கீப்பர், பிறகு நீர்ப்பாசனம் அல்லது மருந்தடிப்பில் தேர்ந்த டெக்னீஷியன், இரண்டாம் உதவியாளர், முதல் உதவியாளர், சூப்பரின்டென்டென்ட். பிரிட்டனில் கடைசிப் பதவியை ஹெட் கிரீன்கீப்பர், கோர்ஸ் மேனேஜர் என்பார்கள். 1926ல் தொடங்கிய அமெரிக்கச் சங்கம் ஜிசிஎஸ்ஏஏ, 1987ல் தொடங்கிய பிரிட்டிஷ் சங்கம் பிக்கா, இரண்டின் தளங்களிலும் காலியிடங்கள் வரும். நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும், என்ன தகுதி கேட்கிறார்கள் என்று வாரம் ஒருமுறை வாசியுங்கள். யுஎஸ்ஜிஏவின் கிரீன் செக்‌ஷன் கட்டுரைகள் இலவசம், அவற்றைவிட நல்ல பாடப்புத்தகம் தேட வேண்டியதில்லை.

எந்த விளம்பரத்துக்கும் திருப்பிக் கேட்க வேண்டியவை சில. கிரீனில் என்ன புல்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பராமரிப்பில் எத்தனை பேர்? ரீல் கூர்தீட்டும் வசதி உள்ளேயே உண்டா? கடைசியாக எப்போது துளையிட்டார்கள்? பதில் சொல்லத் தயங்குபவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. வளைகுடா வேலை என்றால் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அமீரகத்தில் பணி முடிவுத் தொகை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில்தான் வரும். தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட் யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இது. செட்டிபாளையத்தில் கோயம்புத்தூர் மைதானம், மலைமேல் கொடைக்கானல், இரண்டுமே ஒட்டன்சத்திரத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். அங்கேயும் பெங்களூர் மைதானங்களிலும் பயிற்சியாளராகச் சேர இடம் இருக்கிறதா என்று இந்த மாதமே எழுதுங்கள். பட்டச் சான்றிதழைவிட, விடியற்காலை ஐந்து மணிக்கு வரத் தயார் என்ற வரிதான் கடிதத்தில் எடுபடும். அமெரிக்காவுக்கு, பயிற்சிக்குப் போகிறவர்களுக்குத் தரும் ஜே-1 விசாவில் இன்டர்னாகப் போவதென்றால் பட்டம் முடித்த 12 மாதத்துக்குள் தொடங்க வேண்டும், உங்களிடம் ஐந்து மாதம் மிச்சம். அமெரிக்க அரசு அங்கீகரித்த ஸ்பான்சர், எடுத்துக்கொள்ளும் மைதானம், தூதரக நேர்காணல் எல்லாம் அதற்குள் முடிவது கடினம். அந்த அவசரம் வேண்டாம். அதே விசாவில் டிரெய்னி என்ற பிரிவு உண்டு. பட்டத்தோடு, அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் துறையில் ஓராண்டு வேலை செய்த அனுபவம் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். இங்கே குழி மாற்றியும் ரீல் தீட்டியும் கழிக்கும் ஓராண்டு அதற்கும் கணக்கில் வரும். நாள்தோறும் செய்த வேலை, அளவு, மருந்தின் பெயர், மழையளவு எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை சூப்பரின்டென்டென்டிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அனுபவச் சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த நேர்காணலுக்குப் போங்கள்.