வாசகர் கேள்விகள்: மைக்கைக் கையில் கொடுத்தால் என்ன பேசுவது?

அமெரிக்காவில் ஒரு மாநில அவசரகால மேலாண்மைத் துறையில் திட்டம் எழுதும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் புயல், வெள்ளம், காட்டுத்தீ என்று எது வந்தாலும் ஆசிரியர் வாசகர் கடிதங்களை என் பக்கம் தள்ளிவிடுகிறார். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பற்றியவை.

நியூ ஜெர்ஸி வாசகி: பேரிடர்த் திட்டத்தைப் புதுப்பிக்கிறார்களாம். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு ஒப்புக்குக் கூப்பிடுகிறார்களோ என்று சந்தேகம். போகலாமா சார்?

போங்கள் அம்மா. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு, வரைவு எழுதியாயிற்றா, இன்னும் இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துத்தான் நீங்கள் என்ன பேசவேண்டும் என்பது.

கவுண்டிகளும் நகரங்களும் பேரிடர் தணிப்புத் திட்டத்தை, அதாவது சேதத்தை முன்கூட்டியே குறைப்பதற்கான திட்டத்தை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, ஃபெடரல் அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவிடம் ஒப்புதல் வாங்கவேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டால் தணிப்பு வேலைகளுக்கான ஃபெடரல் மானியங்கள் கிடைக்காது. வரைவு எழுதும் கட்டத்தில் ஒருமுறை, ஒப்புதலுக்கு முன் ஒருமுறை என்று பொதுமக்களுக்கு வாய்ப்புக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. யாரை எப்படிக் கலந்து பேசினார்கள் என்பதையும் திட்டத்திலேயே எழுதிக் காட்டவேண்டும். அதற்காக மட்டும், வருகைப் பதிவேட்டில் நாலு கையெழுத்து விழுந்தால் போதும் என்று கூட்டம் போடுகிறவர்களும் உண்டு. பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அந்த விதி உங்களுக்குச் சாதகம்தான். நீங்கள் சொன்னது கோப்பில் ஏறிவிடும்.

வரைவு இன்னும் எழுதவில்லை என்றால் உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள். எழுதியாயிற்று என்றால் பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. பக்க எண்ணைச் சொல்லி, எந்த வரியை எப்படி மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். திட்டம் எழுதுகிறவர் அதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார். அவருக்கும் வேலை மிச்சம்.

ஹூஸ்டன் வாசகர்: மூன்று நிமிடம்தான் கொடுக்கிறார்கள். அதற்குள் என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும்?

மூன்று நிமிடம் தாராளம். "முதியோர்களையும் கவனத்தில் கொள்ளவேண்டும்" என்று சொல்லி உட்கார்ந்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒரு வரியும் மாறாது. எந்த இடம், எந்த நேரம், எது தடை. இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

நான் இருந்த ஒரு கூட்டத்தில் டயாலிசிஸ் மையத்து நர்ஸ் ஒருவர் எழுந்தார். எங்கள் திட்டத்தில் அந்த மையத்துக்கு நேராக "ஜெனரேட்டர் உண்டு" என்று குறித்து வைத்திருந்தோம். அவர் கேட்டது: "கரண்ட் இருக்கும் சரி, தண்ணீருக்கு எங்கே போவது?" ஒருவருக்கு ஒருமுறை டயாலிசிஸ் செய்ய நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். பம்பிங் ஸ்டேஷன் நின்றுவிட்டால் ஜெனரேட்டர் ஓடியும் பயனில்லை. அன்றைக்கு அந்த அறையில் தண்ணீர்த் துறைக்காரரும் இருந்தார், மருத்துவமனைக்காரரும் இருந்தார். ஒருவர் மற்றவரிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. தண்ணீர் லாரிகள் முதலில் போகவேண்டிய இடங்களின் பட்டியலில் டயாலிசிஸ் மையங்கள் சேர்ந்தது அந்த ஒரு கேள்வியால்தான்.

அதிகாரிகளுக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் தினசரி வாழ்க்கை, அவ்வளவுதான். தெரிந்துகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் உதாரணம். பேரிடர்த் திட்டத்தில் தங்களை மறந்துவிட்டார்கள் என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் 2011-இல் அந்த நகரத்தின் மீது வழக்குப் போட்டன. வழக்கு நடக்கும்போதே, 2012 அக்டோபரில், சாண்டி புயல் அடித்தது. லிஃப்ட் நின்றுபோன அடுக்குமாடிகளில் சக்கர நாற்காலிக்காரர்கள் சிக்கிக்கொண்டார்கள். 2013 நவம்பரில் ஃபெடரல் நீதிபதி, நகரத்தின் திட்டம் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். வேண்டுமென்று செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. உயரமான கட்டடங்களில் இருந்து இறக்குவதற்கும், எல்லோரும் நுழையக்கூடிய முகாம்களுக்கும் போதிய ஏற்பாடு இல்லை என்பதுதான் விஷயம். பத்தாவது மாடியில் சக்கர நாற்காலியோடு குடியிருப்பவர் ஒருவர் திட்டம் எழுதும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பிளேனோ வாசகி: ஊரில் இருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாருக்கு ஆங்கிலம் வராது. போன் அலறுகிறது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பதறுகிறார்கள். தமிழில் வராதா?

போனில் வரும் அந்த எச்சரிக்கை 2012-இல் தொடங்கியது. முதலில் 90 எழுத்து, இப்போது 360 எழுத்து வரை அனுப்பலாம். ஆங்கிலம் உண்டு, ஸ்பானிஷ் உண்டு. முன்கூட்டியே எழுதிவைத்த வாசகங்களை மேலும் பல மொழிகளில் காட்டவேண்டும் என்று தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஃபெடரல் ஆணையமான எஃப்சிசி 2023-இல் முடிவெடுத்தது. அந்தப் பட்டியலில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை.

தமிழில் கொடு என்று மனுப் போடலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த சூறாவளிப் பருவத்துக்குள் கைக்கு ஏதாவது வேண்டுமென்றால் வேறு வழி பாருங்கள். கவுண்டி அவசரகால அலுவலகத்தில் தன்னார்வ அமைப்புகளோடு தொடர்பு வைக்க ஓர் ஆள் இருப்பார். அவரிடம் போய், "எச்சரிக்கை வந்தால் எங்களுக்கும் நேரடியாகச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் தமிழில் நாங்கள் அனுப்புகிறோம்" என்று உங்கள் சங்கம் சொல்லட்டும். கூடவே "உடனே வெளியேறவும்", "வீட்டுக்குள்ளேயே இருக்கவும்", "குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும்" போன்ற பத்து வாசகங்களை இப்போதே மொழிபெயர்த்து, நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புயல் கதவைத் தட்டும்போது மொழிபெயர்க்க உட்காரக்கூடாது. ஃபார்வேர்ட் வதந்தி எது, கவுண்டி சொன்னது எது என்று பிரித்துக்காட்டவும் அந்த ஏற்பாடு உதவும். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஹூஸ்டன் வாசகர், இன்னொருவர்: "நூறு வருட வெள்ளம்" எங்கள் பக்கம் வந்து போய்விட்டது. இனி நூறு வருடம் நிம்மதிதானே?

இல்லை. எந்த வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. ஃபீமா வெள்ள வரைபடத்தை நம்பி மட்டும் இருக்காதீர்கள். அது பெரும்பாலும் ஆறு, கடல் வெள்ளத்தைத்தான் பார்க்கிறது. வடிகால் தாங்காமல் தெருவில் நிற்கும் மழைநீர் அதில் தெரியாது. உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற போட்டோவைத் தேதியோடு கவுண்டிக்குக் கொடுங்கள், பொறியாளர்கள் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.

லூசியானா வாசகர்: வீட்டில் இருந்து இரண்டு மைலில் ரசாயன ஆலை. அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டா?

உண்டு. அந்த உரிமைக்குப் பின்னால் போபால் இருக்கிறது. 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் இருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதே ரசாயனத்தைத் தயாரித்த அதே கம்பெனியின் ஆலை மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் இருந்தது. 1985 ஆகஸ்டில் அங்கேயும் வேறொரு ரசாயனம் கசிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த வருடமே அமெரிக்க காங்கிரஸ் "சமூகத்தின் தெரிந்துகொள்ளும் உரிமை"ச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அதன்படி ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளூர் அவசரகாலத் திட்டக் குழு உண்டு. எல்இபிசி என்று கேட்டால் தெரியும். தீயணைப்பு, போலீஸ், மருத்துவமனை, ஆலை முதலாளிகளோடு பத்திரிகைக்காரர்களும் உள்ளூர்ச் சமூக அமைப்புகளும் அதில் இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாய ரசாயனம் வைத்திருக்கும் ஆலை ஒவ்வொரு மார்ச் 1-க்குள் கணக்குக் கொடுக்கவேண்டும். டியர் டூ அறிக்கை என்பார்கள். எழுதிக் கேட்டால் உங்களுக்கும் காட்டவேண்டும்.

ஆனால் காகிதம் இருப்பது போதாது. டெக்ஸாஸில் வெஸ்ட் என்ற ஊரில் 2013 ஏப்ரலில் உரக் கிடங்கு வெடித்து 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கப் போனவர்கள். அம்மோனியம் நைட்ரேட் டன் கணக்கில் இருக்கிறது என்று மாநிலத்துக்குக் கணக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அது வெடித்தால் என்ன ஆகும் என்ற தெளிவு தீயை நோக்கி ஓடியவர்களிடம் இல்லை. எனவே நீங்கள் குழுக் கூட்டத்துக்குப் போய் அறிக்கையைக் கேட்பதோடு நிற்காதீர்கள். "இதை எங்கள் தீயணைப்பு நிலையத்தில் உட்கார்ந்து கடைசியாகப் படித்தது யார், எப்போது ஒத்திகை பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பல ஊர்களில் இந்தக் குழு பேருக்குத்தான் இருக்கிறது. சமூகப் பிரதிநிதி நாற்காலி காலியாக இருந்தால் நீங்களே போய் உட்காருங்கள்.

கலிஃபோர்னியா வாசகர்: "உள்நாட்டுப் பாதுகாப்பு" என்றாலே வயிறு கலங்குகிறது. நாமே போய் நின்றால் நம்மையே பட்டியலில் சேர்த்துவிட மாட்டார்களா?

பயம் நியாயமானது. 2001 செப்டம்பர் 11-க்கு நாலு நாள் கழித்து, அரிசோனாவில் தலைப்பாகை கட்டியிருந்த ஒரே காரணத்துக்காகச் சீக்கியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓக் க்ரீக் என்ற ஊரின் குருத்வாராவில் துப்பாக்கிச் சூடு. பாதுகாப்பு நமக்கும் தேவை, சந்தேகக் கண்ணும் நம் மேலேயே விழுகிறது. இரண்டும் உண்மை.

அதனால்தான் போகச் சொல்கிறேன். மாநில, உள்ளூர்ப் போலீஸும் ஃபெடரல் அமைப்புகளும் சந்தேகத் தகவல்களைத் திரட்டிப் பகிர்ந்துகொள்ளும் ஃப்யூஷன் சென்டர்களைப் பற்றி அமெரிக்க செனட் துணைக்குழுவே 2012-இல் கடுமையாக விமர்சித்து அறிக்கை வெளியிட்டது. உங்கள் மாநிலத்தில் சந்தேகப் புகார் வந்தால் எதன் அடிப்படையில் பதிவு செய்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், தவறு என்று தெரிந்தால் யார் நீக்குவார்கள் என்று பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். அப்புறம், கோயில்களுக்குக் கேமரா, வேலி, கதவு போட லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியம் இருக்கிறது. பணம் ஃபீமாவுடையது, விண்ணப்பம் மாநில அலுவலகம் வழியாகப் போகும். எங்கே ஓட்டை இருக்கிறது என்ற மதிப்பீட்டு அறிக்கையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

மிச்சிகன் வாசகி: போன தடவை போய்ச் சொன்னோம். நன்றி என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

நன்றியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள் அல்லவா, அங்கேதான் பிடி விட்டுப்போனது. வந்த கருத்துகள், எது ஏற்கப்பட்டது, எது இல்லை, ஏன் என்று ஒரு பட்டியல் இருக்கும், அல்லது இருக்கவேண்டும். அதை எழுதிக் கேளுங்கள். தரவில்லை என்றால் உங்கள் மாநிலப் பொது ஆவணச் சட்டப்படி கேளுங்கள். ஏற்கவில்லை என்ற பதிலும் பயனுள்ளதுதான். காரணம் பணம் என்றால் அந்த வேலையைத் திட்டத்தின் தணிப்புப் பணிகள் பட்டியலிலாவது சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாததற்குப் பின்னால் மானியம் கேட்பது கஷ்டம். அதிகார வரம்பு இல்லை என்றால் யாருக்கு உண்டு என்று பெயர் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஒத்திகை எப்போது என்று கேட்டு, பார்வையாளராக ஓர் இடம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். அங்கே டீ இடைவேளையில் பேசினால் மைக்கில் பேசியதைவிட அதிகம் நடக்கும்.