முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சூரியன்

கேள்வி: கடவுள் உலகை ஆறு நாளில் படைத்ததாகச் சொல்லும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் வெளிச்சம் முதல் நாளில், சூரியன் நான்காம் நாளில். அறிவியல் படிக்கும் மகள் கேட்கிறாள், என்ன சொல்வது?

பதில்: ஒவ்வொரு நாளையும் கோடி ஆண்டாக நீட்டிச் சமாளிக்காதீர்கள் அம்மா. மரங்கள் மூன்றாம் நாளிலேயே வந்துவிடுகின்றன, சிக்கல் அப்படியே நிற்கும். மகளோடு உட்கார்ந்து 1, 2, 3 நாட்களுக்கு எதிரே 4, 5, 6 நாட்களை எழுதுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே சுடர்கள். வானம், நீருக்கு எதிரே பறவை, மீன். நிலத்துக்கு எதிரே விலங்கு, மனிதன். முதலில் இடம், பிறகு குடியிருப்போர். என்ன அழகான அடுக்கு!

இரண்டாம் அதிகாரத்தில் வரிசையே மாறுகிறது: மனிதன் 2:7இல், விலங்குகள் 2:19இல். தொகுத்தவர்கள் இரண்டையும் அருகருகே விட்டுவைத்தார்கள். நேர வரிசை அவர்கள் கவலையாக இருந்திருக்காது. அந்த நாட்கள் நம் நாட்களைப் போன்றவை அல்ல என்று பழங்காலத் திருச்சபை அறிஞர் புனித அகஸ்தீன் டார்வினுக்குப் பல நூற்றாண்டு முன்பே எழுதினார். மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1950இல் இடம் தந்தார்.