பைத்தான் கால்பேக்கில் எரர் வந்தால் சி நிரலுக்கு ஏன் தெரிவதில்லை? அதை எப்படிச் சோதிப்பது?

“வேலை நடுவே இதைக் கூப்பிடு” என்று சி நூலகத்திடம் நாம் கொடுத்துவைக்கும் பைத்தான் ஃபங்ஷன்தான் கால்பேக். அதற்குள் எக்ஸெப்ஷன் (பைத்தான் எரரை அறிவிக்கும் விதம்) எழுந்தால் சி-க்குப் புரியாது; அந்த மொழியில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை, திருப்பித் தரும் எண்தான் பேச்சு.

சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தோடு சரி. 1676 மி.மீ. அகலப் பாதை அங்கே முடிந்து, ஊட்டிக்கு 1000 மி.மீ. பாதை தொடங்குகிறது. பெட்டி மேலே போகாது. மூட்டையை இறக்கி மலை ரயிலில் ஏற்றத்தான் வேண்டும். எரரும் அப்படித்தான். இறக்கி ஏற்ற ஆளில்லாவிட்டால், சிடைப்ஸ் (பைத்தானிலிருந்து சி நூலகத்தைக் கூப்பிட உதவும் மாட்யூல்) அதைத் திரையில் அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடும். நிரல் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

ஆகவே கால்பேக்குக்குள்ளேயே எரரைப் பிடித்து, ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, -1 திருப்புங்கள் (எந்த எண்ணை நூலகம் ‘நிறுத்து’ என்று எடுத்துக்கொள்கிறதோ அது). சி அழைப்பு முடிந்ததும் மறுபடி எழுப்புங்கள்.

சோதிக்கும்போது முதல் அழைப்பில் அல்ல, மூன்றாவதில் எரர் போடுங்கள். பாதி வேலை முடிந்த நிலையில்தான் விடுவிக்காத மெமரி பல்லிளிக்கும். நான்காவது அழைப்பு வந்தாலே சோதனை தோற்க வேண்டும். சிஸ் (sys) மாட்யூலின் அன்ரெய்சபிள்ஹூக்கையும் (unraisablehook: யாரும் பிடிக்க வழியில்லாத எரர் வந்தால் பைத்தான் கூப்பிடும் ஃபங்ஷன்) உங்கள் ஃபங்ஷனாக மாற்றிவையுங்கள். அது கூப்பிடப்பட்டால் ஏதோ ஓர் எரர் நழுவியிருக்கிறது.

சி அழைப்பைச் சுற்றி ட்ரை-எக்ஸெப்ட் (எரரைப் பிடிக்கும் பைத்தான் அமைப்பு) போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கால்பேக்கில் எழுந்த எரர் அந்த எக்ஸெப்ட் வரை வந்தே சேராது.